கற்பனை அரசுக்குக் கணக்கு எழுதுவது எப்படி? அரசு கட்டும் ஃபேண்டஸி கதைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிற்றரசு ஒன்றை எடுத்துப் பேரரசாக வளர்க்கும் ஃபேண்டஸி தொடர் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அரச வம்சத்தின் கொடிவழியில் தொடங்குகிறார்கள். பிறகு கொடி, இலச்சினை, வாளுக்கு ஒரு பெயர். பதினைந்தாம் அத்தியாயத்தில் நாயகன் முப்பதாயிரம் பேரோடு படையெடுக்கிறான். அப்போது ஒரு வாசகர் கேட்பார்: இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வருகிறது? அதற்குள் பதில் சொல்ல இடமில்லாமல் போயிருக்கும்.

இங்கே வரிசை வேறு. முதலில் நெல். அதிலிருந்து மக்கள்தொகை, பிறகு வரி, பாதை, காசு, படை, மந்திரம், கடைசியில் நாயகனின் சீர்திருத்தங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் எண்ணில்தான் நிற்கிறது. நடுவில் தொடங்கினால் பின்னால் வந்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, ஆற்றுப்பாசனம் உள்ள, 2 லட்சம் பேர் வாழும் ஒரு நெல் நாட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நடைமுறைக்கு ஒத்துவரும்படி வைத்தவை. நீங்கள் மாற்றலாம். ஒன்றை மாற்றினால் அதன்கீழ் வரும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

1. எழுத உட்காருமுன் வேண்டியவை

ஒரு எக்செல் தாள், அளவுகோல் போட்ட வரைபடம், பன்னிரண்டு மாத நாட்காட்டி, அளவைப் பட்டியல். இந்த நான்கும் போதும்.

கணக்கைக் கிலோவில் போடுங்கள், கதையில் கலத்தில் எழுதுங்கள். 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். முகத்தல் அளவை ஊருக்கு ஊர் வேறுபட்டது. உங்கள் நாட்டில் ஒரு கலம் நெல் 30 கிலோ என்று முடிவு செய்துகொண்டால் ஒரு மரக்கால் இரண்டரைக் கிலோ. இந்தச் சமன்பாட்டைத் தாளின் முதல் வரியில் எழுதி வையுங்கள். நாற்பதாம் அத்தியாயத்தில் மறந்துபோகும்.

நாட்காட்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆடியில் விதைப்பு, தையில் அறுவடை என்று வைத்தால் கதையின் பாதி நிகழ்ச்சிகள் தாமாகவே தேதி பெற்றுவிடும். தை, மாசியில் நெல் மலிவு. வரியும் அப்போதுதான் வசூலாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை குதிர் காலி, விலை உச்சம், கடன் வாங்கும் காலம். கலகம் வெடிக்க வேண்டுமா? மார்கழியில் வையுங்கள். மாசியில் வெடித்தால் அதற்குத் தனிக் காரணம் தேவைப்படும்.

2. ஒரு குடும்பத்தின் நெல் கணக்கு

இது மட்டும் சரியாக இருந்தால் மீதியில் தவறு நேர்ந்தாலும் கதை தாங்கும். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

சாப்பாடு: பெரியவர், குழந்தை எல்லாரையும் சேர்த்துச் சராசரியாகத் தலைக்கு நாளுக்கு அரைக் கிலோ அரிசி. ஆண்டுக்கு 180 கிலோ. நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. ஆகவே 270 கிலோ நெல், அதாவது தலைக்கு 9 கலம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 45 கலம்.

விளைச்சல்: உரமூட்டையும் பம்புசெட்டும் இல்லாத காலத்து நல்ல நஞ்சையில் ஏக்கருக்கு 600 கிலோ, அதாவது 20 கலம் என்று வைக்கலாம். ஒரு குடும்பம் ஓர் ஏர் மாட்டோடு நான்கு ஏக்கர் பார்க்கிறது. கண்டுமுதல் 80 கலம்.

இனிக் கழித்தல். விதைநெல் 5 கலம். எலி, பூச்சி, ஈரம் என்று பத்தில் ஒரு பங்கு, 8 கலம். அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 13 கலம். மிச்சம் 54. அதில் சாப்பாட்டுக்கு 45 போனால் கையில் நிற்பது 9 கலம்.

அந்த 9 கலத்தில்தான் உப்பு, துணி, கொழு அடிக்கும் கொல்லனுக்குக் கூலி, பெண் கல்யாணம், செத்துப்போன மாட்டுக்குப் பதில் மாடு எல்லாம் நடக்க வேண்டும். செழிப்பான நாட்டின் நிலையே இது.

இப்போது வரியை மூன்றில் ஒன்றாக்குங்கள். அரசனுக்கு 27 போக 40 கலம் மிச்சம். சாப்பாட்டுக்கே 5 கலம் குறை. "கொடுங்கோலன் வரியை இரட்டிப்பாக்கினான்" என்று எழுதுகிறவர்கள் அடுத்த அத்தியாயத்திலும் சந்தையை ஜேஜே என்று காட்டுகிறார்கள். உண்மையில் அந்தக் குடும்பம் முதல் ஆண்டு மாட்டை விற்கும், இரண்டாம் ஆண்டு விதைநெல்லைத் தின்னும், மூன்றாம் ஆண்டு ஊரைவிட்டுப் போகும். இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கதைக்கு மூன்று ஆண்டு சம்பவம் இதிலேயே இருக்கிறது.

வழக்கமான தவறு: விதைநெல்லை மறப்பது. முற்றுகையில் இருக்கும் ஊர் கடைசி மூட்டை வரை தின்றுவிட்டு, வெற்றிக்குப் பிறகு அடுத்த ஆண்டு சாதாரணமாக அறுவடை செய்கிறது. எதை விதைத்து?

புன்செய் நாடாக இருந்தால் விளைச்சலைப் பாதியாக்கி, நிலத்தை இரட்டிப்பாக்கி, இதே கணக்கை மறுபடி போடுங்கள். கம்பும் கேழ்வரகும் தின்னும் நாட்டின் அரசியல் நெல் நாட்டின் அரசியலாக இருக்காது. வாய்க்காலைப் பிடித்தவன் அங்கே ஊரைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் வாய்க்காலே இல்லை.

3. உழாதவர் எத்தனை பேர்?

வரி 13, விற்கக்கூடியது 9, ஆக ஒரு குடும்பம் வெளியே விடுவது அதிகபட்சம் 22 கலம். தலைக்கு 9 என்றால் இரண்டரைப் பேருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து உழவருக்கு இரண்டு பேர்தான் உழாமல் சாப்பிட முடியும். பாதுகாப்பாக நான்கில் மூன்று பங்கு உழவர் என்று வையுங்கள்.

2 லட்சத்தில் 1,50,000 பேர் உழவர், அதாவது 30,000 குடும்பம், 1,20,000 ஏக்கர். மீதி 50,000 பேரில் பாதி கிராமத்துக் கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், பூசாரி, கணக்கர். அரண்மனை, படை, வணிகர், தலைநகரம் எல்லாவற்றுக்கும் குழந்தைகளோடு சேர்த்து 25,000 பேர்.

பத்து லட்சம் பேர் வாழும் தலைநகரம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் எத்தனை லட்சம் உழவர் வேண்டும் என்று இப்போதே தெரிந்துவிடும். அல்லது கடல்வழியாகத் தானியம் வர வேண்டும். ரோம் நகரம் எகிப்தின் கோதுமையில் வாழ்ந்தது அப்படித்தான். அந்தக் கப்பலை மறிப்பவன் உங்கள் வில்லன்.

4. வரி: விகிதத்தைவிட வசூல்தான் கதை

அரசனின் வரவு 30,000 குடும்பம் பெருக்கல் 13, அதாவது 3,90,000 கலம். தாளில் இப்படி இருக்கும். களஞ்சியத்துக்கு இவ்வளவு வந்து சேராது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பங்கு வரியா, நிலைவரியா என்பது. மழை பொய்த்து விளைச்சல் கால்பங்கு குறைந்தால் கண்டுமுதல் 60 கலம். விதை 5, சேதம் 6 போக 49. பங்கு வரியானால் 10 கலம் போய் 39 மிஞ்சும். சாப்பாட்டுக்கு 6 குறை. நிலைவரியானால் அதே 13 கலம் போய் 36, குறை 9. நிலைவரியில் அரசனுக்கு உறுதியான வரவு உண்டு, இழப்பு முழுவதும் உழவன் தலையில். பங்கு வரியில் இழப்பைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு களத்துமேட்டிலும் அரசனின் ஆள் நின்று அளக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரு தரப்பு எரிச்சலோடுதான் இருக்கும்.

இரண்டாவது, அளவு. வசூலுக்கு வருகிறவன் தன் மரக்காலோடு வருகிறான். நெல்லைக் கொட்டி, விளிம்புக்கு மேல் கூம்பாகக் குவித்து, "ஒண்ணு" என்கிறான். உழவன் தலைதட்டி அளக்கச் சொல்கிறான். கையால் வழித்துவிட்டால் அந்தக் கூம்பு முழுவதும் குவியலுக்கே திரும்பிவிடும். 156 முறை மரக்கால் விழும்போது (13 கலம் அவ்வளவுதான்) அந்தக் கூம்பு யாருக்குப் போகிறது என்பதே ஊர்ச் சண்டை. அரசன் வரிவிகிதத்தில் கைவைக்கவே இல்லை. ஆனாலும் வரி ஏறிவிட்டது. ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆட்சி எப்படி நடக்கிறது என்று வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இதனால்தான் உண்மையான அரசுகள் அளவையிலும் நில அளவிலும் அவ்வளவு கவனம் வைத்தன. முதலாம் இராசராசன் நாட்டை அளக்கச் செய்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்கால் இருந்தது. உங்கள் நாயகன் ஆட்சிக்கு வந்ததும் முதலில் செய்யக்கூடிய நம்பத்தகுந்த சீர்திருத்தம் முத்திரை குத்திய மரக்கால்தான். செலவு குறைவு, எதிரிகள் அதிகம்.

மூன்றாவது, கசிவு. ஊர்க் கணக்கன், நாட்டுத் தலைவன், களஞ்சியக் காவலன் என்று மூன்று கை தாண்டி வருகிறது. ஒவ்வொரு கையிலும் பத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டால் 100 கலம் 73 கலமாகும். எல்லாரையும் திருடர்களாகக் காட்டாதீர்கள். பலருக்கு அதுதான் சம்பளம். ஊழலை ஒழித்த நாயகன் சம்பளம் என்று ஒன்றைத் தொடங்கியாக வேண்டும்.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்றுப் பாட்டு இதே கணக்குதான். சிறு நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வசூலிப்பவர்களால் ஏற்படும் சேதத்துக்கும் உங்கள் தாளில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

5. பாதையும் வண்டி வாடகையும்

ஒரு மாட்டுவண்டி 500 கிலோ சுமக்கும், நாளுக்கு 15 கி.மீ. போகும். 500 கிலோ நெல் ஏறக்குறைய 16⅔ கலம். வண்டி, மாடு, ஆள் எல்லாம் சேர்த்து நாள் வாடகை 4 மரக்கால் என்று வையுங்கள். திரும்பும் வழிக்கும் வாடகை உண்டு.

பத்து நாள் தூரத்துக்குப் போய்வர 80 மரக்கால், சரக்கில் ஐந்தில் இரண்டு பங்கு. இருபத்தைந்து நாள் தூரத்துக்கு, அதாவது 375 கி.மீ.க்கு 200 மரக்கால். அது 16⅔ கலம். சரக்கின் மதிப்பு முழுவதும் வாடகைக்கே போய்விட்டது. எனவே ஒரு கோடியில் பஞ்சம், மறுகோடியில் நெல் அழுகுகிறது என்ற காட்சி ஆட்சியாளனின் அலட்சியம் இல்லாமலே நடக்கும்.

ஆறோ கடலோ இருந்தால் எல்லாம் மாறும். கி.பி. 301-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் வெளியிட்ட விலை ஆணையில் உள்ள கட்டணங்களை வைத்து வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டார்கள். மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தானியத்தைக் கப்பலில் அனுப்புவது, வண்டியில் 75 மைல் இழுப்பதைவிட மலிவு.

ஊர்களை வரைபடத்தில் வைக்கும்போது இதைப் பின்பற்றுங்கள். நகரத்தை ஒட்டி காய்கறி, பால். அடுத்து விறகுக் காடு, ஏனென்றால் விறகு கனம், விலை குறைவு. அதற்கப்பால் தானியம். எல்லையில் ஆடுமாடு, அவை நடந்தே வந்துவிடும். ஜெர்மானிய நிலவுடைமையாளர் ஃபான் டூனன் 1826-இல் எழுதிய வளையக் கோட்பாடு இதுதான். ஆறு குறுக்கே ஓடினால் வளையங்கள் ஆற்றோடு நீளும்.

மிளகு, பட்டு, மருந்து எவ்வளவு தூரமும் போகும். வணிகக் கூட்டம் எதை ஏற்றிப்போகிறது என்று எழுதுமுன் அதன் விலையைக் கனத்தால் வகுத்துப் பாருங்கள். பானை ஏற்றிக்கொண்டு பாலைவனம் தாண்டும் வணிகனை விட்டுவிடலாம்.

6. காசு

காசுக்கு முதலில் ஒரு நங்கூர விலை வேண்டும். அது நெல்லாகவே இருக்கட்டும். ஒரு மரக்கால் நெல் = ஒரு செம்புக்காசு. ஒரு கலம் = ஒரு வெள்ளி. 20 வெள்ளி = ஒரு பொன். கூலியாளுக்கு நாளுக்கு ஒரு செம்பு. வேலை கிடைப்பது ஆண்டில் 200 நாள் என்றால் வருமானம் 17 கலத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பேர் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போயாக வேண்டும்.

இப்போது சத்திரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பொற்காசை வீசியெறியும் நாயகனைப் பாருங்கள். கூலியாளின் ஓராண்டு வருமானத்துக்கும் மேல் அது. சத்திரக்காரனிடம் சில்லறை இருக்காது. அன்றிரவே திருடர்கள் வருவார்கள். எழுதத் தெரிந்தவர் இந்தத் தவறையே காட்சியாக்கிவிடுவார்.

கஜானா காலியானால் அரசன் காசில் வெள்ளியைக் குறைப்பான். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழத் தூய வெள்ளியாக இருந்தது நாணயம். கி.பி. 270 வாக்கில் வெள்ளிக்காசு என்று புழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. இதை எழுதும்போது வரிசை முக்கியம். புதுக் காசை முதலில் செலவழிக்கும் அரசனுக்கு லாபம். அயல்நாட்டு வணிகன் எடைபோட்டு உடனே கண்டுபிடிக்கிறான். பழைய நல்ல காசு பெட்டிக்குள் போகிறது. பிறகு சந்தை விலை ஏறுகிறது. கடைசியில்தான் கூலி ஏறும். அந்த இடைவெளியில்தான் நகரத்தில் கல் பறக்கும்.

உலோகத்தின் மதிப்பைவிடப் பெரிய மதிப்பை அரசன் ஆணையால் ஏற்றிய காசு இன்னும் ஆபத்து. முகமது பின் துக்ளக் 1330 வாக்கில் தங்கா என்ற வெள்ளி நாணயத்துக்கு ஈடாகச் செம்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டார். வீட்டுக்கு வீடு கள்ளக்காசு அடித்தார்கள். திரும்பப் பெறும்போது கருவூலத்து வெள்ளியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் நாயகன் காகிதப் பணம் கொண்டுவருகிறானா? போலி செய்ய முடியாத தாள், கேட்டதும் மாற்றிக்கொடுக்கும் கருவூலம், வரிக்கு அதையே வாங்கிக்கொள்ளும் ஆணை, மூன்றும் முன்பே தயாராக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

டிராகன் காத்த புதையல் கிடைத்தாலும் இதே சிக்கல். 1324-இல் மாலி அரசர் மன்சா மூசா மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் பொன்னை வாரியிறைத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அங்கே பொன் விலை மீளவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல்-உமரி எழுதியிருக்கிறார். புதையலால் நெல் கூடாது. அதே நெல்லைத் துரத்தும் காசு மட்டும் கூடும். வெளிநாட்டுக் குதிரை, இரும்பு, தானியம் வாங்கினால்தான் அது பலமாக மாறும்.

7. படை

நிலைப்படை முதலில். வீரன் குடும்பத்தின் சாப்பாட்டுக்கு 45 கலம், ஆயுதம், துணி, மற்றச் செலவுக்கு 30. ஆண்டுக்கு 75 கலம். 2,000 வீரருக்கு 1,50,000 கலம், அரசன் வரவில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஏரி, வாய்க்கால் மராமத்து, அரண்மனை, கோயில், பஞ்சக் களஞ்சியம் எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். முப்பதாயிரம் நிலைப்படை எவ்வளவு அபத்தம் என்பது இந்த ஒரு வகுத்தலில் வெளிப்படும்.

போர்க்காலத்தில் உழவர்களைத் திரட்டி 5,000 வீரர், 3,000 ஏவலாளர் என்று கிளம்பலாம். தலைக்கு முக்கால் கிலோ அரிசி, நாளுக்கு 6,000 கிலோ. இரண்டு மாதப் போருக்கு நெல்லாகப் பார்த்தால் 18,000 கலம். வரவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. போர் மலிவு என்று தோன்றும். வண்டிக் கணக்கு அதைக் கலைக்கும்.

பத்து நாள் தூரம், போய்வர இருபது நாள். வண்டிக்காரனும் உதவியாளும் இரண்டு மாடும் நாளுக்கு 6 கிலோ தானியம் தின்றால் வழியிலேயே 120 கிலோ போகும். சேருவது 380. நாளுக்கு 16 வண்டி போய்ச் சேர வேண்டும். சுற்றில் எப்போதும் 320 வண்டி, 640 மாடு. இருபது நாள் தூரமானால் சேருவது 260 கிலோ. நாளுக்கு 23 வண்டிக்கு மேல் போக வேண்டும், சுற்றில் 920-க்கு மேல். தூரம் இரண்டு மடங்கு, வண்டி ஏறக்குறைய மூன்று மடங்கு.

வழியில் புல் கிடைக்கும் என்ற நினைப்பில் போட்ட கணக்கு இது. வறண்ட நிலமானால் மாட்டுக்கு நாளுக்கு 8 கிலோ வைக்கோல் வீதம் வண்டியிலேயே ஏற்ற வேண்டும். அப்போது நாளுக்கு 22 கிலோ. பதினோராம் நாள் வண்டியில் ஏறக்குறைய பாதிதான் மிச்சமிருக்கும், அதுவும் திரும்புவதற்கே சரியாகிவிடும். இறக்கிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பதினோரு நாள் அகலமுள்ள பாலை ஒரு கோட்டைச்சுவருக்கு மேல். உங்கள் எல்லையை இப்படித் தீர்மானியுங்கள்.

நாட்காட்டியை எடுங்கள். ஆளும் மாடும் ஓய்ந்திருப்பது மாசியிலிருந்து ஆனி வரை. அப்போது புல் காய்ந்து, குளம் வற்றியிருக்கும். புல் கிடைக்கும் மாதங்களில் ஆள் வயலில். இந்த இடுக்கில்தான் உங்கள் தளபதி முடிவெடுக்க வேண்டும்.

யானை பற்றி ஒன்று. ஒரு யானைக்கு நாளுக்கு 150 கிலோ பசுந்தீவனமாவது வேண்டும். ஆயிரம் யானை என்று எழுதும் கை, 150 டன் தழையையும் எழுத வேண்டும். நூறு போதும், அதுவே பெரும்படை.

8. மந்திரம்

மந்திரத்தை இங்கே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலே உள்ள ஏழும் மந்திரமில்லாமல் நின்ற பிறகுதான், மந்திரம் எந்த எண்ணை மாற்றுகிறது என்று பார்க்க முடியும்.

ஒவ்வொரு வித்தைக்கும் கேளுங்கள்: எத்தனை பேருக்கு அது வரும், நாளுக்கு எவ்வளவு, அந்த நேரத்தில் அவர் வேறு என்ன செய்திருக்கலாம். தீ மந்திரவாதி ஒருவன் நாடு முழுவதற்கும் கரிக்குப் பதிலாக உலை மூட்ட முடியுமானால், அவனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் அரசன் முட்டாள்.

இடம் தாவும் வாயிலை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஒருமுறை திறக்கும், பத்து வண்டி கடக்கும். ஐந்து டன் அரிசி, பத்தாயிரம் பேர் சாப்பாடு. இருபத்தைந்தாயிரம் பேர் நகரத்துக்கு அது போதாது. அரிசிக்கு அதைச் செலவழிக்கவும் மாட்டார்கள். மருந்தும் பட்டும் ஓலையும்தான் கடக்கும். அந்தப் பத்து வண்டி இடத்தை யார் ஒதுக்குகிறார் என்பதுதான் நாட்டின் இரண்டாவது பெரிய பதவி. பழைய சாலையின் சுங்கத்தில் பிழைத்த ஊர்கள் பத்தாண்டில் வெறிச்சோடும். அந்த ஊர்க்காரர்கள் வாயிலை உடைக்க வருவார்கள்.

குணமாக்கும் மந்திரம் எளிதாகத் தோன்றும், ஆனால் இதுதான் எல்லாவற்றையும் புரட்டும். குழந்தைகள் பிழைத்தால் நான்கு ஏக்கர் ஒரு தலைமுறையில் இரண்டு ஏக்கராகப் பிரியும். இரண்டாம் பகுதியின் கணக்கை இரண்டு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். புதுநிலம் திருத்துவதா, எல்லை தாண்டுவதா என்ற கேள்வி தானே வரும்.

9. நாயகனின் சீர்திருத்தங்கள்

நவீன அறிவோடு மறுபிறவி எடுத்த நாயகன் பத்து அத்தியாயத்தில் அச்சு இயந்திரம், வெடிமருந்து, வங்கி எல்லாம் கொண்டுவருவது இந்த வகையின் தீராத வியாதி. ஒரு பாகத்துக்கு ஒரு சீர்திருத்தம் போதும். மூன்று தடைகளைச் சோதியுங்கள்: பொருள் இருக்கிறதா, செய்யக் கை இருக்கிறதா, யார் பிழைப்பு போகிறது.

ஆற்றுநீரில் ஓடும் நெல்குத்தும் ஆலை என்று வைப்போம். மரம் உண்டு. அச்சுக்கு நல்ல இரும்பு வேண்டும், அதற்குக் கரி, கரிக்குக் காடு. பல்சக்கரம் செதுக்கும் தச்சன் நாட்டில் மூன்று பேர். அதுவரை உரலும் உலக்கையுமாகக் கூலிக்குக் குத்திய பெண்கள் தவிட்டையும் குறுநொய்யையும் கூலியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நொய்யில்தான் குழந்தைகளின் கஞ்சி. ஆலை ஓடத் தொடங்கிய மாதத்தில் அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

உண்மையில் வேலைசெய்த சீர்திருத்தம் ஒன்று: 1012-இல் சீனத்தின் சோங் பேரரசர் சென்சோங், வறட்சி தாங்கி விரைவில் விளையும் சம்பா நாட்டு நெல்விதையை யாங்சி, ஹுவாய் பகுதிகளுக்கு வினியோகித்தார். இந்தச் சம்பா இன்றைய வியட்நாமில் இருந்த அரசு. கூடவே சாகுபடிக் குறிப்புகளும் போயின. இரண்டாம் போகம் பரவத் தலைமுறைகள் ஆயின. நாயகனின் மகள் காலத்தில் பலன் தெரியும் சீர்திருத்தம், கதைக்கு ஏற்றது.

நல்ல எண்ணத்தில் கெட்டதும் ஒன்று. அதே சோங் அரசில் 1069-இல் அமைச்சர் வாங் ஆன்ஷி உழவருக்கு அரசே இளவேனிலில் கடன் தரும் திட்டம் கொண்டுவந்தார், பருவத்துக்கு நூற்றுக்கு 20 வட்டி. கந்துவட்டிக்காரரிடமிருந்து காப்பாற்றத்தான். அதிகாரிகள் இலக்கு எட்ட வேண்டி, வேண்டாதவர் தலையிலும் கடனைக் கட்டினார்கள். வில்லன் இல்லாமலே ஒரு பாகம் முழுக்க மோதல் கிடைக்கும் இடம் இது.

10. கணக்கைக் கதைக்குள் கொண்டுபோவது

மேலே உள்ள எண்களில் பத்தில் ஒன்றுதான் பக்கத்தில் வர வேண்டும். அமைச்சர் சபையில் வரவுசெலவு வாசிக்கும் காட்சியை வெட்டுங்கள். அதே செய்தியை விலையாகச் சொல்லலாம்: ஐப்பசியில் ஒரு செம்புக்கு மரக்கால், மார்கழியில் ஆறு நாழி. சந்தையில் ஒருத்தி மடியை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, நாழி குறைத்து வாங்கிப் போனால் போதும்.

ஒரு காட்சிக்கு ஒரு எண். இரண்டாவது எண் வந்தால் வாசகர் கண் அடுத்த பத்திக்குத் தாவும்.

ஒவ்வொரு முடிவுக்கும் ஈடாக ஓர் இழப்பை எழுதுங்கள். அணை கட்டினால் அந்த ஆண்டு படைக்கு ஆள் இல்லை. களஞ்சியம் நிரப்பினால் சந்தையில் நெல் குறைவு. நாயகன் எதையும் இழக்காமல் எல்லாம் பெறும் அத்தியாயம் வந்தால், தாளில் எங்கோ ஒரு கழித்தல் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து அத்தியாயத்துக்கு ஒருமுறை எக்செல் தாளைத் திறந்து நான்கு கட்டங்களைப் புதுப்பியுங்கள்: உழவர் குடும்பம், களஞ்சிய நெல், வண்டிமாடு, கருவூல வெள்ளி. கதையில் மாதம் என்ன என்பதை மேலே எழுதுங்கள். ஏதாவது ஒரு கட்டம் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் முந்தைய அத்தியாயங்களைத் திருத்தப் போகாதீர்கள். அடுத்த அத்தியாயம் அங்கிருந்து தொடங்கட்டும்.